செங்கற்பட்டில் எண்ணப்பட்டவர்களுக்கு வயதாகிவிட்டது
(சென்னை கே.கே. நகரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இன்று பேச எடுத்துக்கொண்டது நோயாக இன்னும் மாறாத ஒரு நோயைப் பற்றி. காசநோய்க் கிருமி ஒருவருடைய நுரையீரலுக்குள் போகிறது. உடல் அதைச் சுற்றி வளைத்து அடைத்துவிடுகிறது. அவருக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடை குறைவதில்லை, அவரிடமிருந்து பிறருக்குப் பரவுவதும் இல்லை. அவர் தன்னை நோயாளி என்று நினைப்பதற்கு ஒரு காரணமும் கிடையாது. இதைத்தான் மறைநிலைக் காசநோய்த் தொற்று என்கிறோம். உலக மக்களில் நான்கில் ஒரு பங்கினர் இந்த நிலையில் இருப்பதாக ஒரு மதிப்பீடு உண்டு. இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. நான் நிறுவ விரும்புவது ஒரே ஒரு கருத்து. இந்தத் தொற்று நெடுங்காலத்தில் என்ன செய்யும் என்பதைக் கிருமி மட்டும் தீர்மானிப்பதில்லை. தொற்று ஏற்பட்டுப் பல ஆண்டுகள் கழித்து அந்த உடலுக்கு வந்து சேரும் பசியும் புகையும் சர்க்கரையும் முதுமையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அதனால் காசநோய்த் தடுப்பைக் காசநோய்த் துறைக்குள் மட்டும் வைத்துக்கொண்டிருப்பது நம் கிராமங்களுக்குப் போதாது.

இதற்கான சான்றுகளில் மிக முக்கியமானதைத் தேடி நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. இந்த அரங்கிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் அந்தக் கிராமங்களை அடைந்துவிடலாம். 1968ஆம் ஆண்டு, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், பிசிஜி தடுப்பூசி உண்மையிலேயே காசநோயைத் தடுக்கிறதா என்று அறிய ஓர் ஆய்வு தொடங்கியது. 1971 வரை வீடு வீடாகப் போய்ச் சுமார் மூன்றரை லட்சம் பேரைப் பதிவு செய்தார்கள். தொற்று இருக்கிறதா என்று அறிய முன்கையில் டியூபர்குலின் ஊசி போட்டு, மூன்றாம் நாள் திரும்பி வந்து தடிப்பை மில்லிமீட்டர் கணக்கில் அளந்தார்கள். பெரியவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். சந்தேகப்பட்டவர்களின் சளியைச் சோதித்தார்கள். பிறகு சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லாத ஊசி என்று யாருக்கு எது என்பது தெரியாத வகையில் பிரித்துப் போட்டு, பதினைந்து ஆண்டுகள் அந்த மக்களைப் பின்தொடர்ந்தார்கள். காசநோய் வரலாற்றில் இவ்வளவு பெரிய, இவ்வளவு பொறுமையான ஆய்வுகள் மிகச் சில. அந்தப் பதிவேடுகளை நிரப்பியவர்கள் வெயிலில் நடந்த களப்பணியாளர்கள். அவர்களில் எவர் பெயரும் பாடநூல்களில் இல்லை என்பதால் இங்கே நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

முடிவு உலகத்தையே திகைக்க வைத்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைப் பிசிஜி தடுக்கவில்லை. குழந்தைகளாக இருந்தபோது போட்டுக்கொண்டவர்களிடம் சிறிதளவு பாதுகாப்பு மட்டுமே தெரிந்தது. 1950களில் ராஜாஜி பிசிஜி இயக்கத்தை எதிர்த்து எழுதியது இந்த அவையில் பலருக்கு நினைவிருக்கும். அவர் முன்வைத்த காரணங்கள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆனால் மக்களுக்குப் பெருமளவில் போடப்படும் ஒன்றுக்குச் சான்று எங்கே என்று கேட்கும் உரிமை ஒரு குடிமகனுக்கு உண்டு. செங்கற்பட்டு அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னது. பிறந்த குழந்தைக்கு இன்றும் பிசிஜி போடுகிறோம். மூளைச் சவ்வைத் தாக்கும் காசநோயிலிருந்தும், உடல் முழுவதும் பரவும் கடுமையான காசநோயிலிருந்தும் அது சிறு குழந்தைகளைக் காக்கிறது என்பதற்கு வேறு வலுவான சான்றுகள் இருக்கின்றன. அதைக் கைவிடக் கூடாது.

தடுப்பூசி பற்றிய அந்தச் செய்தியின் நிழலில் இன்னொரு செய்தி மறைந்துபோயிற்று. நமக்கு வேண்டியது அதுதான். ஆய்வு தொடங்கியபோதே அந்தக் கிராமங்களில் எல்லா வயதினரையும் சேர்த்து ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்று இருந்தது. குழந்தைகளிடம் குறைவு, வயது ஏற ஏற அதிகம். ஒவ்வோர் ஆண்டும் தொற்றில்லாதவர்களில் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேர் புதிதாகத் தொற்றுக்கு ஆளானார்கள். காசநோய் நகரத்து நோய், ஆலையும் நெரிசலும் தரும் நோய் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. 1955 முதல் 1958 வரை நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பே கிராமமும் நகரமும் இதில் ஏறத்தாழ ஒன்று என்று காட்டிவிட்டது. செங்கற்பட்டு அதற்கு மேலும் ஒன்றைக் காட்டியது. தொற்று அவ்வளவு பரவலாக இருந்தும், புதிதாகத் தொற்றிய சிறுவர்களிடம் நோய் குறைவாகவே தென்பட்டது. நோய் குவிந்து கிடந்தது வயது வந்தவர்களிடத்தில், ஏற்கெனவே தொற்றோடு வாழ்ந்தவர்களிடத்தில். பழைய கிருமி விழித்தது, அல்லது பழைய தொற்றுக்கு மேல் புதுத் தொற்று ஏறியது என்று அன்றைய ஆய்வாளர்கள் இரண்டு விளக்கம் சொன்னார்கள். இரண்டில் எதுவானாலும் ஊருக்கு வரும் விளைவு ஒன்றே. ஆய்வின் தொடக்கத்தில் கைகளில் அளக்கப்பட்ட அந்தத் தடிப்பு, நடுவயதிலும் முதுமையிலும் நோயாகக் கணக்கில் வந்தது.

சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையம், இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், இதே உண்மையை வேறு பக்கத்திலிருந்து தொட்டிருந்தது. வாலஸ் பாக்ஸ் தலைமையில் நடந்த புகழ்பெற்ற சென்னை ஆய்வு, தாம்பரம் சானடோரியத்தில் சேர்த்து நல்ல உணவும் ஓய்வும் மருந்தும் கொடுத்த நோயாளிகளையும், சென்னையின் ஏழைக் குடியிருப்புகளில் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்ட நோயாளிகளையும் ஒப்பிட்டது. குணமானதில் பெரிய வேறுபாடு இல்லை. உலகம் சானடோரியங்களைக் கைவிட அந்த முடிவு ஒரு பெரிய காரணமாயிற்று. ஆனால் அந்த ஆய்வில் வீட்டாரையும் பார்த்தார்கள். நோயாளியோடு ஒரே அறையில் தொடர்ந்து வாழ்ந்த குடும்பத்துக்கும், நோயாளியைத் தாம்பரத்துக்கு அனுப்பிவிட்ட குடும்பத்துக்கும் நோய் வரும் அபாயத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஏனென்றால் நோய் கண்டுபிடிக்கப்படும் நாளுக்கு முன்பே வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்று வந்து முடிந்திருந்தது. நோயாளியை நாம் கண்டுபிடித்து மருந்து கொடுக்கும்போது அவரைக் காப்பாற்றுகிறோம், இனி வரும் தொற்றைத் தடுக்கிறோம். ஏற்கெனவே தொற்றிவிட்ட மனைவிக்கும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் அந்த மருந்து எதுவும் செய்வதில்லை.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பைச் சந்தித்தாக வேண்டும். தொற்று வந்தவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கே வாழ்நாளில் நோய் வருகிறது, அதிலும் பெரும்பாலானவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் வந்துவிடுகிறது, அப்படியிருக்க முப்பது, நாற்பது ஆண்டுப் பழைய தொற்றைப் பற்றி ஏன் கவலை என்று கேட்கிறார்கள். கனடாவைச் சேர்ந்த மார்செல் பேர் முதலான ஆய்வாளர்கள் 2018, 2019 ஆண்டுகளில் இன்னும் ஆழமாகவே இதைக் கேட்டார்கள். தோல் சோதனையோ ரத்தச் சோதனையோ அளப்பது உடலின் நோயெதிர்ப்பு நினைவை. கிருமி செத்துப்போன பிறகும் அந்த நினைவு இருக்கும். ஆகவே சோதனையில் தெரிந்தவர்கள் எல்லோரும் உயிருள்ள கிருமியை ஆயுளுக்கும் சுமக்கிறார்கள் என்பது நிரூபிக்கப்படாத நம்பிக்கை என்றார்கள். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன், பெரும்பகுதியை ஏற்கவும் செய்கிறேன். நம் மண்ணில் இதற்குக் கூடுதல் காரணமும் உண்டு. காசநோய்க் கிருமியின் உறவினர்களான வேறு கிருமிகள் செங்கற்பட்டு மண்ணிலும் நீரிலும் நிறைய இருக்கின்றன. வயது வந்த அநேகமாக எல்லோரும் அவற்றுக்குப் பழகிய உடலோடுதான் இருந்தார்கள். தோல் தடிப்பைப் படிப்பதில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதை உலகுக்குக் கற்றுத்தந்த இடங்களில் செங்கற்பட்டும் ஒன்று.

ஆனால் அந்த வாதம் தனிமனிதரைப் பற்றியது. ஊரைப் பற்றிப் பேசும்போது கணக்கு மாறுகிறது. அபாயம் சிறியதாக இருந்தாலும் அதைச் சுமப்பவர்கள் கோடிக்கணக்கில் இருந்தால் நோயாளிகளின் எண்ணிக்கை சிறியதாக இராது. மிகப் பழைய தொற்று விழிக்காது என்பதும் உண்மையில்லை. டென்மார்க்கில் 1960களின் தொடக்கத்தில் ஒரு தந்தையிடமிருந்து எடுத்து உறைநிலையில் வைத்திருந்த கிருமியையும், 33 ஆண்டுகள் கழித்து அவருடைய மகனுக்கு வந்த நோயின் கிருமியையும் மரபணு வழியில் ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றாக இருந்தன. அப்படிப்பட்ட நிகழ்வு அரிதாக இருப்பது அந்த நாட்டில். அங்கே முதியவருக்கு உணவும் மருத்துவரும் எட்டும் தொலைவில் இருக்கிறார்கள். நம் கேள்வி, அந்த அரிதான நிகழ்வை அடிக்கடி நிகழ வைக்கக்கூடிய சூழல் இங்கே இருக்கிறதா என்பது.

இருக்கிறது என்பதற்கு வேந்தன் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் அவர்களுடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு சாட்சி. தமிழ்நாட்டின் நகரத்திலும் கிராமத்திலுமாக இறந்த 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை, உயிரோடிருக்கும் 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். புகைப்பவர்கள் காசநோயால் இறக்கும் வீதம் புகைக்காதவர்களைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் பாதிப்பேரின் சாவுக்குப் புகை ஒரு காரணம் என்பது அவர்களின் முடிவு. இதை நுரையீரல் புற்றுநோயைப் போலப் புகை நேராக உண்டாக்கும் நோய் என்று படிக்கக் கூடாது. கிருமி ஏற்கெனவே உள்ளே அடங்கியிருந்தது. பீடியின் புகை அந்தத் தடுப்பைத் தளர்த்தியது. தொற்று பரவலாக இருந்த ஊரில், யார் இறந்தார்கள் என்பதைப் பாதி அளவுக்குப் பீடி தீர்மானித்திருக்கிறது. இவ்வளவு பெரிய உண்மை நம் தமிழ்நாட்டிலிருந்தே வந்திருக்க, காசநோய்ச் சுவரொட்டிகளில் புகையைப் பற்றிய வரி சிறிய எழுத்தில் கீழே இருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

சர்க்கரை நோய் இன்னும் பெரிய கதை, ஏனென்றால் அது இப்போதுதான் கிராமத்துக்குள் முழுவேகத்தில் நுழைகிறது. ராயபுரத்து எம்.வி. நீரிழிவு மருத்துவமனையின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் காசநோயாளிகளைச் சோதித்து 2012இல் வெளியிட்ட முடிவின்படி, அவர்களில் 25.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய், இன்னொரு 24.5 விழுக்காட்டினருக்கு அதற்கு முந்தைய நிலை. ஆக இரண்டு காசநோயாளிகளில் ஒருவருக்கு ரத்தச் சர்க்கரை சரியில்லை. சர்க்கரை நோய் காசநோயின் அபாயத்தை இரண்டு, மூன்று மடங்காக்குகிறது என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. இப்போது செங்கற்பட்டுப் பதிவேட்டை மீண்டும் நினைத்துப் பாருங்கள். 1968இல் பத்து வயதில் கையை நீட்டித் தடிப்பை அளக்கக் காட்டிய சிறுவனுக்கோ சிறுமிக்கோ இன்று அறுபதைத் தாண்டிய வயது. அப்படித் தொற்றியவர்களில் ஒரு பகுதியினரின் உடலில் கிருமி எப்போதோ செத்திருக்கலாம். கிருமி சாகாமல் உள்ளே இருப்பவர்கள் இன்று சர்க்கரையையும், மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டையும், சிறுநீரகக் கோளாறையும், தளர்ந்த நோயெதிர்ப்பையும் ஒன்றாகச் சந்திக்கிறார்கள். முடக்குவாதத்துக்குப் புதிய உயிரியல் மருந்துகளைத் தொடங்குமுன், உறுப்பு மாற்றுக்குமுன், மருத்துவமனைகளில் மறைநிலைத் தொற்றுச் சோதனை செய்கிறார்கள். கிராமத்து முதியவருக்கு அந்த மாதிரிச் சோதனைக்கு ஒரு வாய்ப்பே வருவதில்லை. வயதானால் இருமல் வரத்தானே செய்யும் என்று வீட்டாரும் விட்டுவிடுகிறார்கள். இருமல் கூட இல்லாமல் நோய் இருப்பதும் உண்டு. தேசியக் கணக்கெடுப்பில் எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால், கண்டறியப்பட்ட நோயாளிகளில் 42.6 விழுக்காட்டினர் தவறிப்போயிருப்பார்கள். மறைநிலைக்கும் நோய்க்கும் நடுவில் நாம் கோடு கிழித்தாற்போல எல்லை வைத்திருக்கிறோம். உடல் அந்த எல்லையை மெல்ல, சத்தமில்லாமல் கடக்கிறது.

மூன்றாவது, பசி. இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். உடல் நிறைக் குறியீடு (பி.எம்.ஐ.) ஒரு புள்ளி உயர்ந்தால் காசநோய் வாய்ப்பு சுமார் 14 விழுக்காடு குறைகிறது என்று பல நாட்டுத் தரவுகளைத் திரட்டிய ஆய்வு சொல்கிறது. தொற்றும் நோயும் வேறு வேறு என்பதற்கு இங்கிலாந்தின் பாப்வொர்த் குடியிருப்பு பழைய, அழகான எடுத்துக்காட்டு. முதல் உலகப் போரின் முடிவில் காசநோயாளிகளுக்கு வீடும் வேலையும் கூலியும் உணவும் தந்து குடும்பத்தோடு அங்கே குடியமர்த்தினார்கள். நோயாளித் தந்தையோடு வாழ்ந்த பிள்ளைகளுக்குத் தொற்று வந்தது, அதை யாரும் தடுக்கவில்லை. நோயோ மிகக் குறைந்தது. அன்று காசநோய்க்கு மருந்தே கிடையாது என்பதை மறக்க வேண்டாம். அதே கேள்வியை நூறாண்டுக்குப் பின் நம் நாட்டில் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும், சென்னை ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு, ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் கேட்டார்கள். 2,800 நோயாளிகளின் வீடுகளில் இருந்த 10,345 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் நோயாளிக்கு மட்டும் உணவு. மறு பிரிவில் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரை. 2023இல் வெளியான முடிவில், உணவு பெற்ற குடும்பங்களில் காசநோய் 39 விழுக்காடு குறைந்திருந்தது. சளியில் கிருமி உறுதியான நோயைத் தனியே பார்த்தால் 48 விழுக்காடு. புதிய தடுப்பூசி ஒன்று இந்த அளவு பலன் காட்டியிருந்தால் நாளிதழ்கள் முதல் பக்கத்தில் போட்டிருக்கும்.

ஜார்க்கண்டை அப்படியே இங்கே கொண்டுவந்து நடமுடியாது என்பார்கள். சரிதான். அங்கே ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பழங்குடியினர், கடும் மெலிவு பரவலாக இருந்த மக்கள். நமக்கு அனைவருக்குமான ரேஷன் இருக்கிறது, சத்துணவு முட்டை இருக்கிறது. ஒரே தெருவில் மெலிந்தவரும் பருமனானவரும் இருப்பது நம் நிலை. ஆனாலும் ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஜார்க்கண்டில் ஆளுக்கு ஒன்றரைக் கிலோ பருப்பு. நம் ரேஷன் கடையில் ஒரு குடும்ப அட்டைக்கே மாதம் ஒரு கிலோ. அரிசியில் நாம் வென்றிருக்கிறோம், பருப்பில் இன்னும் வெல்லவில்லை. நோயாளிக்கு அரசு மாதந்தோறும் தரும் ஊட்டச்சத்து உதவித்தொகை 500 ரூபாயிலிருந்து 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்ந்தது நல்லது. அது நோயாளிக்கு. அதே தட்டில் சாப்பிடும், தொற்றோடு இருக்கும் மற்றவர்களுக்கு என்ன?

தடுப்பு மருந்தைக் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். கொடுக்க வேண்டும், அதில் எனக்கு ஐயமில்லை. 2021இல் நாட்டின் வழிகாட்டுதல் மாறி, நுரையீரல் காசநோயாளியின் வீட்டில் உள்ள எல்லா வயதினருக்கும், நோய் இல்லை என்று உறுதி செய்த பின், ஆறு மாதம் தினமும் ஐசோனியாசிட் மாத்திரையோ, ரிஃபாபென்டினும் சேர்த்து வாரம் ஒருமுறை என்று 12 வாரமோ தர வழி வந்திருக்கிறது. கல்லீரல் பாதிக்குமே, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி உருவாகுமே என்ற அச்சம் மருத்துவர்களிடையே நீண்ட நாள் இருந்தது. கல்லீரல் பாதிப்பு உண்மை, குறிப்பாகக் குடிப்பழக்கம் உள்ளவரிடமும் முதியவரிடமும். அதனால்தான் ஊர் முழுக்க எல்லோருக்கும் கொடுக்கக் கூடாது என்கிறேன். உள்ளே நோய் இருப்பவருக்குத் தொற்று மட்டுமே என்று எண்ணி ஒற்றை மருந்து கொடுத்தால் எதிர்ப்பு வளரும் என்பதும் நியாயமான கவலை. அதற்கான மருந்து எக்ஸ்ரே. மூன்றாவதாக ஒரு மறுப்பு உண்டு, அதுவே கனமானது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் ஏறக்குறைய 27,000 தொழிலாளர்கள் பங்கேற்ற ஆய்வில் ஒன்பது மாதம் தடுப்பு மருந்து தந்தார்கள். மருந்து சாப்பிட்டவரை பாதுகாப்பு இருந்தது. நிறுத்தியதும் போயிற்று. 2014இல் வந்த இந்த முடிவை வைத்து, மறுதொற்று நடக்கும் இடத்தில் தடுப்பு மருந்து வீண் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதை வேறுவிதமாகப் படிக்கிறேன். சுரங்கத்தின் தூசும் நெரிசலும் சுற்றியிருந்த நோயும் மாறாமல் அப்படியே இருந்தன. மாத்திரை ஒரு குடை. மழை நிற்காத ஊரில் குடையை ஒன்பது மாதத்தில் பிடுங்கிக்கொண்டால் நனையத்தான் செய்வார்கள்.

அதனால் நான் கேட்பது ஒரு புதிய திட்டத்தை அன்று. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கே போகிறார்கள். மறைநிலைத் தொற்று எந்த வயதில், எந்த உடலில் விழிக்கும் என்று மேலே பார்த்தோமோ, கிட்டத்தட்ட அதே வீடுகளின் கதவைத்தான் அவர்கள் ஏற்கெனவே தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய அட்டையில் இரண்டே கேள்விகள் கூடினால் போதும். இந்த வீட்டில் எப்போதாவது, இருபது ஆண்டுக்கு முன்பாக இருந்தாலும், யாருக்காவது டிபி வந்ததா? பீடி, சிகரெட் உண்டா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்று சொல்லும் சர்க்கரை நோயாளிக்கும், எடை குறைந்து வரும் முதியவருக்கும், இருமல் இருக்கிறதா என்று கேட்டு நிறுத்திவிடாமல் ஆண்டுக்கு ஒரு எக்ஸ்ரே. இப்போது வீட்டில் காசநோயாளி இருந்தால் எல்லோருக்கும் தடுப்பு மருந்தும், அந்த ஆறு மாதத்துக்கு ஆளுக்கு ஒன்றரைக் கிலோ பருப்பும். அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த திருவள்ளூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இன்று ஆலை வேலைக்கு வந்து ஓர் அறையில் பத்துப் பேராகத் தங்கியிருக்கும் ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார் இளைஞர்களுக்கு ரேஷன் அட்டை இங்கே இல்லை, தன்னார்வலர் தட்டும் கதவும் இல்லை. இந்தக் கே.கே. நகரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. காப்பீட்டு எண் உள்ள தொழிலாளிக்கு அதன் வாசல் திறந்திருக்கிறது. ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் பெயரே ஏறாதவர்களை முதலில் அந்தப் பதிவுக்குள் கொண்டுவருவதைத் தொழிலாளர் துறையின் வேலை என்று மட்டும் நினைக்காமல், காசநோய்த் தடுப்பின் முதல் வேலையாகவே நான் எண்ணுகிறேன். செங்கற்பட்டில் அன்று வீடு வீடாக எண்ணியவர்கள் மூன்றரை லட்சம் பேரில் ஒருவரையும் விட்டுவிடாதிருக்கப் பாடுபட்டார்கள். இன்று அதே மண்ணில் எண்ணப்படாமல் இருப்பவர்கள் இவர்கள்தாம்.